உதட்டோடு ஒட்டிய மைக்

பெர்லின் வானொலி நிலையத்துக்கு 1940ஆம் ஆண்டின் கோடை முடிவில் ஒரு புது மைக் வந்து சேர்ந்தது. மற்ற மைக் என்றால் ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து பேசலாம். இதில் அது நடக்காது. உதட்டை அதன்மேல் கொண்டுபோய் வைத்துக்கொண்டுதான் பேச வேண்டும். பேசுகிறவரின் குரல் மட்டும் ஏறும். பக்கத்தில் இடியே விழுந்தாலும் அதற்குக் காது கேட்காது.

இடி விழத்தான் செய்தது. ஆகஸ்ட் 25 இரவு பிரிட்டிஷ் விமானங்கள் முதன்முதலாகப் பெர்லின்மீது குண்டு போட்டன. எதிரி விமானம் ஒன்றுகூட இந்த நகரத்தை எட்டாது என்று விமானப்படைத் தலைவர் கோரிங் மார்தட்டியிருந்தார். அடுத்தடுத்த இரவுகளில் விமான எதிர்ப்பு பீரங்கிகள் விடாமல் முழங்கின. அந்த முழக்கத்துக்கு நடுவே ஸ்டுடியோவில் உட்கார்ந்து அமெரிக்காவுக்குச் செய்தி வாசித்துக்கொண்டிருந்தார் சி.பி.எஸ். வானொலியின் பெர்லின் நிருபர் வில்லியம் ஷைரர். தாக்குதல் நடந்துகொண்டிருக்கும்போது அதைப் பற்றி மூச்சுவிடக் கூடாது என்பது அவருக்கு இடப்பட்ட கட்டளை. அவர் மூச்சுவிடவில்லை. ஆனால் பீரங்கிச் சத்தம் அவர் குரலுக்குப் பின்னாலேயே மைக்கில் ஏறி, கடல் தாண்டிப்போய், நியூயார்க்கில் வானொலிப் பெட்டியின் முன்னால் இருந்தவர்கள் காதில் விழுந்துவிடும். சத்தத்துக்கு எந்த அதிகாரியின் முத்திரை வேண்டும்? அதை அடக்கத்தான் உதட்டு மைக்.

தணிக்கை என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது பத்திரிகைதான். நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்ட 1975 ஜூனில் தலையங்கம் இருக்க வேண்டிய இடத்தை வெற்றாக விட்டு வெளிவந்த நாளிதழ்களைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். காகிதத்தில் வெட்டினால் வெட்டிய இடம் தெரியும். வானொலியில் தெரியாது. அதே சமயம் காகிதத்தில் இல்லாத பல சங்கதிகள் வானொலியில் உண்டு: குரல், இழுப்பு, பெருமூச்சு, ஜன்னலுக்கு வெளியே கேட்கும் சத்தம். இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டு வானொலி நிருபர்களைக் கண்காணிக்க உட்கார்ந்தவர்கள் திணறியது இவற்றோடுதான்.

ஷைரர் நமக்கு முற்றிலும் அந்நியர் அல்ல. சிகாகோ பத்திரிகை ஒன்றின் நிருபராக 1930களின் தொடக்கத்தில் இந்தியாவுக்கு வந்து காந்தியோடு பழகி, பின்னாளில் அவரைப் பற்றி ஒரு புத்தகமே எழுதியவர். 1937இல் எட்வர்ட் மரோ அவரை சி.பி.எஸ்.ஸில் சேர்த்தார். மறு ஆண்டு மார்ச்சில் ஆஸ்திரியாவை ஹிட்லர் விழுங்கியபோது ஷைரர் வியன்னாவில் இருந்தார். கண்ணெதிரே வரலாறு நடக்கிறது. ஆனால் வானொலி நிலையத்தைக் கைப்பற்றிய நாஜிகள் அவரை மைக் பக்கமே அண்டவிடவில்லை. அவர் லண்டனுக்கு விமானம் ஏறிப்போய், தணிக்கை இல்லாத ஸ்டுடியோவிலிருந்து பேச வேண்டியதாயிற்று.

இந்தச் சம்பவத்திலேயே வானொலி நிருபரின் பலவீனம் முழுக்கத் தெரிந்துவிடுகிறது. பத்திரிகை நிருபருக்குத் தந்தி உண்டு, தொலைபேசி உண்டு, நம்பிக்கையான ஆள் மூலம் எல்லை தாண்டி அனுப்பும் கடிதம் உண்டு. பெர்லினில் இருந்த வெளிநாட்டுப் பத்திரிகை நிருபர்களின் செய்திகளை ஜெர்மனி முன்கூட்டித் தணிக்கை செய்யவில்லை. பிடிக்காததை எழுதினால் பிறகு கூப்பிட்டு மிரட்டுவார்கள், இல்லையென்றால் நாட்டைவிட்டு வெளியேற்றுவார்கள். வானொலிக்காரர் கதை அப்படியில்லை. அவர் குரல் அட்லாண்டிக்கைத் தாண்ட வேண்டுமென்றால் ஜெர்மன் அரசின் சிற்றலை டிரான்ஸ்மிட்டர் வேண்டும். வீட்டுக்காரர் வாசல் வழியாகத்தான் போக முடியும், வாசலில் வீட்டுக்காரரே உட்கார்ந்திருக்கிறார்.

ஒருவர் அல்ல, மூன்று பேர். வெளியுறவு அமைச்சகத்துக்கு ஒருவர், கோயபல்ஸின் பிரச்சார அமைச்சகத்துக்கு ஒருவர், ராணுவத் தலைமைக்கு ஒருவர். நியூயார்க்கில் மாலைச் செய்தி நேரம் பெர்லினில் நள்ளிரவு தாண்டியிருக்கும். இருட்டடிப்பில் தடவித் தடவி நிலையத்துக்கு வந்து, எழுதியதை மூன்று பேரிடமும் நீட்டி, அவர்கள் அடித்தது போக மிஞ்சியதை எடுத்துக்கொண்டு, பின்புறத்துக் கொட்டகையில் இருந்த ஸ்டுடியோவுக்கு ஷைரர் ஓட வேண்டும். இடையில் திறந்தவெளி. மேலே வெடிக்கும் பீரங்கிக் குண்டுகளின் சில்லுகள் அங்கே மழைபோல விழும்.

ஸ்டுடியோவுக்குள் போனாலும் விட்டபாடில்லை. பதிவு செய்த பேச்சை ஒலிபரப்புவதில்லை என்பது அன்றைய அமெரிக்கப் பெரு வானொலி நிறுவனங்களின் கொள்கை. எல்லாமே நேரடி. ஆகவே முத்திரை குத்திய தாளின் நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு அதிகாரி வரி வரியாகத் தொடர்ந்து கேட்பார். தாளில் இல்லாத ஒரு சொல் வந்தால் இணைப்பைத் துண்டித்துவிடலாம்.

தாளில் உள்ளதையே வாசித்தால்? அங்கேதான் ஷைரர் புகுந்தார். “அவர் நல்லவர்தான்” என்று நாம் சொல்கிறோம். அந்தத் ‘தான்’ எப்படி வாயிலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து அந்த மனிதர் நல்லவரா அயோக்கியரா என்பது கேட்பவருக்குப் புரிந்துவிடும். எழுதிக் காட்டினால் ஒரே எழுத்துதான். ஷைரர் செய்ததும் இதுவே. ராணுவத் தலைமை வெளியிட்ட அறிக்கையை அப்படியே வாசிப்பார். வாசிக்கும்போது ஒரு இடத்தில் சற்று நிறுத்துவார், ஒரு சொல்லில் கொஞ்சம் அழுத்துவார். இங்கிலாந்தில் ஆங்கிலம் படித்த தணிக்கை அதிகாரிகளுக்குப் பிடிபடாத அமெரிக்கக் கொச்சையை நடுவே தூவுவார். சிகாகோவில் கேட்டுக்கொண்டிருப்பவருக்கு விஷயம் விளங்கிவிடும்.

கொஞ்ச நாள்தான் இந்த வித்தை பலித்தது. அமெரிக்காவில் குடியிருந்து அந்த ஊர்ப் பேச்சு தெரிந்தவர்களைத் தணிக்கை நாற்காலியில் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள்.

அதன் பிறகு சொற்கள் ஒவ்வொன்றாகப் போயின. ‘நாஜி’ என்று சொல்லக் கூடாது. அமெரிக்கர் காதில் அது கெட்ட வார்த்தையாக விழுகிறதாம். 1940 ஏப்ரலில் டென்மார்க்கிலும் நார்வேயிலும் ஜெர்மன் படைகள் நுழைந்தன. அதைப் ‘படையெடுப்பு’ என்று சொல்லக் கூடாது. அந்நாடுகளைப் பாதுகாக்கப் போயிருக்கிறார்கள் என்பதுதான் அரசாங்கத்தின் கூற்று. இப்படிச் சொல் பறிபோன நிருபருக்கு மிஞ்சுவது என்ன? அரசு அறிக்கையைக் கிளிப்பிள்ளைபோல ஒப்பிப்பது. அதற்கு நான் எதற்கு என்ற இடத்துக்கு ஷைரர் அந்த ஆண்டு செப்டம்பரிலேயே வந்துவிட்டார்.

அதற்கு முன்னால் ஒரு நாள் தணிக்கை எந்திரமே அவருக்கு உதவி செய்தது. 1940 ஜூன் 22, பாரிஸுக்கு வடக்கே கோம்பியேன் காடு. முதல் உலகப் போரின் முடிவில் ஜெர்மனி கையெழுத்திட்ட அதே ரயில் பெட்டியில் இப்போது பிரான்ஸைக் கையெழுத்திட வைத்தார் ஹிட்லர். செய்தியை முதலில் பெர்லினிலிருந்து தாமே அறிவிக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். அதனால் வெளிநாட்டு நிருபர்கள் பலரைப் பெர்லினுக்கே திருப்பி அழைத்துவிட்டார்கள். ஷைரர் போகாமல் தங்கிவிட்டார். அவரும் என்.பி.சி.யின் வில்லியம் கெர்க்கரும் அங்கிருந்து பேசியது பெர்லினில் பதிவாகி, அனுமதி கிடைத்த பிறகு வெளியே போக வேண்டும். பெர்லினில் எங்கேயோ இணைப்பு மாறி, பேச்சு நேரே நியூயார்க்குக்குப் போய்விட்டது. ஜெர்மன் அரசு வாய் திறப்பதற்குச் சில மணி நேரம் முன்பே அமெரிக்கா முழுவதும் செய்தி தெரிந்துவிட்டது. இவ்வளவு கட்டுக்காவலும் ஒரு இணைப்பு மாறியதில் பல்லிளித்தது.

டிசம்பர் 5 அன்று ஷைரர் பெர்லினைவிட்டுக் கிளம்பினார். கிளம்பிய விதம் ஒரு தனிக் கதை. பெர்லினில் இருந்த காலம் முழுக்க அவர் ரகசியமாக நாட்குறிப்பு எழுதி வந்தார். அதில் ஒரு பக்கம் அகப்பட்டாலும் அவர் கதி அதோகதி. அந்தத் தாள்களைப் பெட்டியின் அடியில் வைத்தார். அவற்றின் மேல், இத்தனை நாள் ஒலிபரப்பிய உரைகளை, தணிக்கை முத்திரை கண்ணில் படும்படி அடுக்கினார். அதற்கும் மேலே சில ராணுவ வரைபடங்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே கெஸ்டபோ அலுவலகத்துக்கே போனார். அதிகாரிகள் வரைபடங்களைக் கண்டுபிடித்துப் பிடுங்கிக்கொண்டார்கள். பிடித்துவிட்டோம் என்ற திருப்தி அவர்களுக்கு. கீழே இருப்பது என்ன என்று பார்த்தார்கள். ஒவ்வொரு தாளிலும் அரசாங்க முத்திரை. பெட்டியை மூடி அரக்கு வைத்துக் கொடுத்துவிட்டார்கள். விமான நிலையத்தில் அதை யாரும் திறக்கவில்லை. தணிக்கைக்காரர்களின் முத்திரையே தணிக்கை காணாத எழுத்துக்கு வழித்துணையாயிற்று. அந்த நாட்குறிப்பு 1941இல் அமெரிக்காவில் புத்தகமாக வந்து விற்றுத் தீர்ந்தது.

இதெல்லாம் ஹிட்லரின் ஊரில் நடந்தது, எதிர்பார்த்ததுதானே என்று தோன்றலாம். லண்டனைப் பார்ப்போம்.

அங்கே சி.பி.எஸ்.ஸுக்காக மரோ இருந்தார். அங்கேயும் தாளை முன்கூட்டிக் காட்ட வேண்டும். பிபிசி கட்டடத்தின் நிலவறை ஸ்டுடியோவில் அவர் பேசும்போது அங்கேயும் இணைப்பைத் துண்டிக்க ஒரு கை காத்திருந்தது. எந்தத் தெருவில் குண்டு விழுந்தது என்று சொல்லக் கூடாது. வானிலையைப் பேசக் கூடாது. நாளைக்கு மேகமா வெயிலா என்பது அடுத்த தாக்குதலுக்குத் திட்டமிடும் ஜெர்மன் விமானிக்குத் தேவையான தகவல். இதில் நியாயம் இல்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

மரோவுக்கு வேறொரு ஆசை. மொட்டை மாடியில் நின்று, குண்டு விழும்போதே, பார்த்ததைப் பார்த்தபடி பேச வேண்டும். எழுதி வைக்காத பேச்சு என்றால் முத்திரை எதன்மேல் குத்துவது? விமானப்படை அமைச்சகம் மறுத்தது. அவர் விடவில்லை. இரவு இரவாக மாடியில் நின்று பேசிப் பதிவு செய்து, ரகசியம் எதையும் உளறமாட்டேன் என்பதற்குச் சான்றாக ஆறு பதிவுகளைக் கொடுத்தார். பதிவுகளைத் தொலைத்துவிட்டார்கள். நம் ஊர் தாலுகா ஆபீஸில் நடக்கிற கதைதான். மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார். கடைசியில் அனுமதி கிடைத்து, 1940 செப்டம்பர் 21 இரவு மாடியிலிருந்து நேரடியாகப் பேசினார். எந்த மாடி என்பதை மட்டும் சொல்ல முடியாது என்று நேயர்களிடமே சொல்லிவிட்டார்.

ஒரே மாதத்தில் இரண்டு தலைநகரங்கள். பெர்லினில் குண்டுச் சத்தம் வெளியே போகாதபடி உதட்டு மைக் கொடுத்தார்கள். லண்டனில் அந்தச் சத்தத்துக்குள்ளேயே மைக்கைக் கொண்டுபோக வழிவிட்டார்கள். பிரிட்டன் உத்தமம் என்பதனால் அல்ல. லண்டன் எரிவதை அமெரிக்கர்கள் கேட்க வேண்டும், கேட்டு மனம் மாற வேண்டும் என்பது அப்போது பிரிட்டனின் அரசியல் தேவை. அந்தத் தேவை இல்லாத இடத்தில் அதே பிரிட்டன் எப்படி நடந்துகொண்டது என்பதற்குச் சிங்கப்பூர் சாட்சி. அந்தச் சாட்சியத்தில் தமிழர்களுக்கும் பங்கு உண்டு.

செசில் பிரவுன், சி.பி.எஸ்.ஸின் இன்னொரு நிருபர். முசோலினி அரசைப் பகைத்துக்கொண்டு 1941இல் இத்தாலியிலிருந்து வெளியேற்றப்பட்டவர். அதே ஆண்டு சிங்கப்பூருக்கு வந்தார். யாராலும் அசைக்க முடியாத கோட்டை என்று பிரிட்டன் உலகத்துக்கெல்லாம் சொல்லிவைத்திருந்த ஊர் அது. டிசம்பர் 8 அதிகாலையில் ஜப்பானியர் மலாயாவின் கோத்தா பாருவில் இறங்கினார்கள். இரண்டு நாள் கழித்து, பிரிட்டனின் பெருமைக்குரிய இரண்டு போர்க்கப்பல்கள், பிரின்ஸ் ஆஃப் வேல்ஸும் ரிபல்ஸும், ஜப்பானிய விமானத் தாக்குதலில் மூழ்கின. இரண்டிலுமாக இறந்தவர்கள் 840 பேர். பிரவுன் ரிபல்ஸ் மேல்தளத்தில் இருந்தார். கப்பல் சாயச் சாயக் கடலில் குதித்தார். தண்ணீரில் விழுந்த வேகத்தில் அவர் கைக்கடிகாரம் 12:35இல் நின்றுபோனது. எண்ணெய் மிதக்கும் கடலிலிருந்து அவரைத் தூக்கியெடுத்தார்கள். கரைக்கு வந்து அவர் அனுப்பிய நேரடிச் சாட்சியம் உலகெங்கும் போய்ச் சேர்ந்தது.

அதற்குப் பிறகு அவர் பார்த்ததைச் சொல்லத்தான் விடவில்லை. மலாயாவில் பிரிட்டிஷ் தற்காப்பு எவ்வளவு ஓட்டை, அதிகாரிகள் எவ்வளவு அலட்சியம் என்று அவர் எழுதுவதும், தணிக்கை அதிகாரிகள் அடிப்பதுமாக நாட்கள் போயின. 1942 ஜனவரியில் அவருடைய அனுமதியே பறிக்கப்பட்டது. உள்ளூர் மக்களின் மன உறுதியை அவர் பேச்சு குலைக்கிறதாம். அவர் பேசியது அமெரிக்க நேயர்களுக்கு என்பது அதிகாரிகளுக்குத் தெரியாததல்ல.

உள்ளூர் மக்களின் மன உறுதி எதனால் குலைந்தது என்பதைப் பினாங்குக்காரர்களிடம் கேட்டிருக்கலாம். டிசம்பர் 11 அன்று அந்தத் தீவின்மேல் குண்டு விழுந்தது. அடுத்த சில இரவுகளில் ஐரோப்பியர்கள் சத்தமில்லாமல் படகேறிவிட்டார்கள். மலாய்க்காரர், சீனர், தமிழர் அங்கேயே. கோட்டையில் பறந்துகொண்டிருந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கக்கூட ஒரு வெள்ளைக்காரர் மிஞ்சவில்லை. அதை இறக்கியவர் பினாங்கு ஆங்கில நாளிதழ் ‘ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ’வின் ஆசிரியர் மாணிக்கசோதி சரவணமுத்து என்ற இலங்கைத் தமிழர். இது நடந்து சில நாளில், பிரிட்டிஷ் அமைச்சர் டஃப் கூப்பர் சிங்கப்பூர் வானொலியில் பேசும்போது பினாங்கு மக்களில் பெரும்பான்மையோர் வெளியேற்றப்பட்டுவிட்டதாகச் சொன்னார். ‘மக்கள்’ என்ற சொல்லுக்கு அவர் அகராதியில் என்ன பொருள் என்று கேட்டுக்கொண்டிருந்த ஆசியர்களுக்குப் புரிந்திருக்கும். அவசரத்தில் கிளம்பியவர்கள் பினாங்கு வானொலி நிலையத்தைச் சேதமில்லாமல் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ஜப்பானியர் அதிலிருந்தே பிரச்சாரத்தைத் தொடங்கினார்கள். அமெரிக்க நிருபரின் மைக்கைப் பிடுங்கத் தெரிந்த நிர்வாகத்துக்குத் தன் டிரான்ஸ்மிட்டரை உடைக்கத் தோன்றவில்லை.

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் சரணடைந்தது. சரணாகதியின் அடையாளமாக ஜப்பானியக் கொடி ஏற்றப்பட்ட கத்தே கட்டடத்தில்தான் மலாயா ஒலிபரப்புக் கழகம் இயங்கி வந்தது. மலாயாவில் அப்போது இருந்த இந்தியர்கள் சுமார் 7 லட்சம் பேர், பெரும்பாலோர் தமிழர். அடுத்த ஆண்டுகளில் அவர்களில் பல்லாயிரம் பேர் ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில் பாதையில் போய்ச் சேர்ந்தார்கள். ஆபத்து எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதை அவர்களிடமிருந்து மறைத்தது எந்த ராணுவ ரகசியத்தைக் காப்பாற்றியது என்ற கேள்விக்கு இன்றுவரை ஒழுங்கான பதில் இல்லை. படை எங்கே நிற்கிறது என்பதை மறைப்பது ஒன்று. படை தோற்கிறது என்பதை மறைப்பது வேறு. இரண்டுக்கும் ஒரே முத்திரையைப் பயன்படுத்தினார்கள்.

பிரவுன் அமெரிக்கா திரும்பியும் நிம்மதி இல்லை. 1943இல், போரில் மக்களுக்கு இருந்த உற்சாகம் வடிந்து வருகிறது என்று தன் ஒலிபரப்பில் சொன்னார். ரோமும் சிங்கப்பூரும் பிடுங்கிய மைக்கை இந்தத் தடவை எந்த அரசும் பிடுங்கவில்லை. அவருடைய சொந்த நிறுவனமே, நிருபர் கருத்துச் சொல்லக் கூடாது என்று கண்டித்தது. அவர் வேலையை விட்டார்.

நாற்பது ஆண்டு கழித்துப் பிரிட்டனுக்கும் அர்ஜென்டினாவுக்கும் இடையே வந்த ஃபாக்லாந்து போர், இந்த விளையாட்டின் இரண்டு பக்கங்களையும் காட்டியது. 1982 மே 1 அன்று விமானந்தாங்கிக் கப்பலில் இருந்த பிபிசி நிருபர் பிரையன் ஹன்ரஹானுக்கு, எத்தனை விமானங்கள் தாக்குதலுக்குப் போயின என்று சொல்ல அனுமதி இல்லை. எண்ணிக்கையைச் சொல்ல மாட்டேன், ஆனால் போகும்போதும் எண்ணினேன், திரும்பி வரும்போதும் எண்ணினேன் என்று அவர் சொல்லி முடித்தார். ஒரு விமானமும் விழவில்லை என்பது விளங்கிவிட்டது. எதிரிக்கு எண்ணிக்கை கிடைக்கவில்லை. அதே மாதக் கடைசியில் கூஸ் கிரீன் என்ற இடத்தைத் தாக்கப் பிரிட்டிஷ் வீரர்கள் நெருங்கிக்கொண்டிருந்தபோது, அந்தச் செய்தியைப் பிபிசி உலகச் சேவை முன்கூட்டியே சொல்லிவிட்டது. வீரர்கள் கொதித்துப்போனார்கள். களத்தில் இருந்த நிருபர்கள் அத்தனை பேரையும் தணிக்கை கட்டிப்போட்டிருந்தது. தகவல் கசிந்தது லண்டனில்.

நம் காலத்துக்கு, நம் பக்கத்துக்கு வந்தால் இலங்கை. ஆனையிறவு ராணுவத் தளம் 2000 ஏப்ரலில் புலிகளிடம் விழுந்ததும், உள்ளூர் ஊடகங்களுக்கு இருந்த போர்ச் செய்தித் தணிக்கையை அடுத்த மாதமே வெளிநாட்டு நிருபர்களுக்கும் நீட்டியது கொழும்பு அரசு. சில வாரங்களில் அதைத் தளர்த்த வேண்டியதாயிற்று. யாழ்ப்பாணத்திலிருந்து பிபிசி தமிழோசைக்கும் சிங்களச் சேவைக்கும் செய்தி அனுப்பிவந்த மயில்வாகனம் நிமலராஜன் அந்த ஆண்டு அக்டோபர் 19 இரவு தன் வீட்டிலேயே கொல்லப்பட்டார். அது எந்தத் தணிக்கைச் சட்டத்திலும் எழுதப்படாத முறை.

போரின் கடைசிக் கட்டத்தில் சுயேச்சையான நிருபர் எவரும் வன்னிக்குள் போக முடியவில்லை. தமிழோசை நிகழ்ச்சியைப் பண்பலையில் மறுஒலிபரப்பு செய்துவந்த இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம், 2008 நவம்பர் கடைசியிலிருந்து நிகழ்ச்சியின் பகுதிகளை நேயர்களுக்குச் சொல்லாமலே வெட்டத் தொடங்கியது. பெர்லினில் கையை சுவிட்சில் வைத்துக் காத்திருந்த அதே வேலை, அறுபத்தெட்டு ஆண்டு கழித்து. 2009 பிப்ரவரியில் பிபிசி தன் செய்திகளை அந்தக் கூட்டுத்தாபனத்துக்குக் கொடுப்பதையே நிறுத்தியது. தமிழோசையை வானொலியில் கேட்க விரும்பியவர்கள் மறுபடி பழைய சிற்றலைப் பெட்டியைத் தேடி எடுக்க வேண்டியிருந்தது. 1941 மே 3 அன்று உலகப் போரின் நடுவில் தொடங்கிய அந்தத் தமிழ் வானொலிச் சேவை, 2017 ஏப்ரல் 30 அன்று நின்றுபோனது.